கல்லடைப்பு வலிக்கு எந்த ஊசி: டைக்ளோஃபெனாக்கா, மார்ஃபினா?

தைப்பூசத்துக்கு மறுநாள் விடியற்காலை 3 மணிக்கு வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்தது. முதல் நாள் முழுக்கத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் முதலுதவிக் கூடாரத்தில் நின்றிருந்தேன், தண்ணீர் குடித்தது குறைவு. கல் ஒரே நாளில் உருவாகாது. முன்பே இருந்தது அன்று இறங்கத் தொடங்கியிருக்கும். பினாங்கில் ஓர் அவசரப் பிரிவில் மருத்துவ உதவியாளர் நான். பத்துக்கு எத்தனை வலி என்று தினமும் மற்றவர்களைக் கேட்கிறவன், அன்று கட்டில் கம்பியைப் பிடித்து முட்டி போட்டுக்கொண்டு "ஒன்பது" என்றேன். டாக்டர் டைக்ளோஃபெனாக், மார்ஃபின் என்ற இரண்டு வலி ஊசிகளையும் சொல்லி எது வேண்டும் என்றார். டைக்ளோ என்றேன். மறுபடி வந்தாலும் அதையேதான் கேட்பேன்.

கல் சிறுநீர்க் குழாயை அடைத்ததும் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்பு கூடுகிறது. சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் ஏறி, சிறுநீர் சுரந்து, போக வழியில்லாமல் உள்ளே அழுத்தம் கூடுகிறது. வலிக்கு முக்கியக் காரணம் இந்த அழுத்தம். டைக்ளோஃபெனாக் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்து அழுத்தத்தையே இறக்குகிறது. மார்ஃபின் வலி உணர்வை அமுக்கும், அழுத்தத்தைத் தொடாது. கத்தாரில் 1,600 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், அரை மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தவர்கள் டைக்ளோவில் 68 சதவீதம், மார்ஃபினில் 61. நரம்பில் ஏற்றும் பாராசிட்டமாலுக்கு 66.

மார்ஃபினுக்கு ஒரு பலம் உண்டு. நரம்பில் போட்டால் சில நிமிடத்தில் வேலை காட்டும். டைக்ளோவைத் தசையில் போட்டால் கால் மணி நேரமாவது ஆகும், அந்தக் கால் மணி நேரம் லேசானதல்ல. ஆனால் மார்ஃபினில் வாந்தி வரும், தூக்கம் வரும், மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், அன்றைக்கு மோட்டார் ஓட்ட முடியாது.

சரி, எல்லாருக்கும் டைக்ளோவே போதுமா? இல்லை. இங்கே முடிவு செய்வது வலியின் அளவல்ல, சிறுநீரகத்தின் நிலை. நம் ஆட்களில் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), ரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால், அதற்கு ரத்தம் போவதே புரோஸ்டாகிளாண்டின் தயவில்தான். டைக்ளோ அதையும் தடுத்துவிடும். வலி போகும், சிறுநீரகமும் சேர்ந்து போகலாம். ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, போன தடவை கிளினிக்ல போட்ட அதே ஊசியப் போட்டுடுப்பா" என்றார். "அங்கிள், இனிப்பு நீர் புத்தகம் இருக்கா?" என்று கேட்டேன். மகள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு கிரியேட்டினின். மூன்று மாதத்துக்கு முன்பே அவருக்கு அது 210 மைக்ரோமோல், மிகக் கூடுதல். போன தடவை யாரும் கேட்கவில்லையாம். அவருக்கு நரம்பில் பாராசிட்டமால், கூடவே மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஃபென்டனில் கொஞ்சம் போட்டோம். மார்ஃபினின் கழிவுப் பொருளும் பழுதான சிறுநீரகத்தில் தேங்கும், அதனால் அதுவும் வேண்டாம் என்று டாக்டர் முடிவு செய்தார். 8-இல் இருந்த வலி அரை மணி நேரத்தில் 3-க்கு வந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு ஃபென்டனில் கொடுத்து நான் பார்த்தது விரல் விட்டு எண்ணும் அளவுதான், அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆகவே ஊசி கேட்கும் முன் கூடுதல் கிரியேட்டினின், குடல் புண், ஆஸ்துமா, கர்ப்பம் எது இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். டெங்கி சந்தேகம் இருந்தால் டைக்ளோ கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும். தசையில் ஊசியே வேண்டாம்.

கல் வலியோடு குளிர்காய்ச்சலும் வந்தால் எந்த ஊசி என்று யோசித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அடைத்த சிறுநீரகத்தில் கிருமி ஏறியிருக்கலாம், அடைப்பைத் திறந்தாக வேண்டும். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.