பிளேடைச் சுற்றும் தகடு: பிளைவுட்டா, அக்ரிலிக்கா?

டேபிள் சா என்பது மேசைக்கு நடுவே பிளேடு எட்டிப்பார்க்கும் அறுவை மெஷின். அதோடு வரும், பிளேடைச் சுற்றி மேசைக் குழியில் உட்காரும் தகட்டில் பென்சில் நுழைகிற அளவு வாய் இருக்கும். பிளேடைச் சாய்த்தும் அறுக்க வேண்டுமே, அதனால். ஆனால் மைக்கா ஒட்டிய பலகையை அறுத்தால் அடிப்பக்கம் சிலாம்பு பெயர்ந்து எலி கடித்த மாதிரி ஆகிவிடும். பிளேடின் கனத்துக்கு மட்டும் வாய் உள்ள தகட்டை நாமே செய்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

பொள்ளாச்சிப் பக்கம் என் பட்டறையில் இரண்டு வகையும் கிடக்கின்றன. பிளைவுட் என்றால் 12 மி.மீ. மிச்சத்துண்டே போதும். பழைய தகட்டை மேலே ஒட்டி, ரூட்டரில் (மரத்தைச் சீவும் கை மெஷின்) ஓரத்தைச் சீவினால் அச்சு அப்படியே வந்துவிடும். குறை என்னவென்றால், ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றுக்கு ஊதிக்கொள்கிறது. ஒருமுறை குழிக்குள் இறுகி, ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் எடுத்தேன். அப்புறம் ஓரத்தை ரெண்டு இழுப்பு தேய்த்து, வார்னிஷ் அடித்ததும் சரியானது.

அக்ரிலிக் அப்படி ஊதாது. மரமும் மேலே வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் வாய் திறக்கும்போது சூட்டில் உருகிப் பல்லில் ஒட்டுகிறது, அவசரப்பட்டால் விரிசல் விடுகிறது. எனக்குப் பிளைவுட்தான். தேய்ந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

எதுவானாலும் வாய் திறக்கும்போது தகட்டைக் கையால் அமுக்காதீர்கள். பிளேடு வராத ஓரத்தில் ஒரு சட்டத்தைக் குறுக்கே வைத்து, மேசையோடு கிளாம்ப் போட்டுவிட்டு, ஓடுகிற பிளேடைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றுங்கள்; அதுவே வாயை அறுத்துக்கொள்ளும். முழுக்க இறக்கியும் பிளேடு இடித்தால் தகட்டின் அடியில் ஒரு காடி (நீளப் பள்ளம்) எடுக்க வேண்டும். பிளேடுக்குப் பின்னால் நின்று, அறுத்த மரம் பிளேடைக் கவ்வாமல் தடுக்கும் ரைவிங் நைஃபுக்கும் பின்னால் வாயை நீட்டிவிடுங்கள். அந்த நைஃபைக் கழற்றிவிட்டு மரம் அறுப்பது வேண்டவே வேண்டாம்.