பழுதான ஹார்ட் டிஸ்க்கும் கோப்புகளை மீட்க ஆன செலவும்

குடும்ப ஒளிப்படங்களும், அப்பா கைப்பட எழுதிய குறிப்பேடுகளின் ஸ்கேன் பிரதிகளும் இருந்த 2 டிபி வெளிப்புற ஹார்ட் டிஸ்க் 2021இல் பழுதானது. கணினியில் இணைத்தால் டக் டக்கென்ற ஒலி மட்டுமே வந்தது. அவற்றை மீட்க 28,000 ரூபாயும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் செலவாயின. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றாலும், உத்தரவாதம் கருவிக்குத்தானே தவிர உள்ளிருக்கும் கோப்புகளுக்கு அல்ல.

அந்த ஒலி பெரும்பாலும், டிஸ்க்கில் பதிந்ததைப் படிக்கும் ஹெட் என்ற பாகம் பழுதானதன் அறிகுறி. சுழலும் தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி படிக்க வேண்டிய ஹெட் கெட்டுவிட்டால், மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தட்டில் கீறல் விழக்கூடும். கீறலில் காந்தப் பூச்சு உரிந்த இடத்திலிருந்து எதையும் எவராலும் மீட்க முடியாது. ஆகவே, அழித்த கோப்புகளை மீட்கும் மென்பொருள்களை இந்நிலையில் ஓட்டிப் பார்ப்பது கேட்டையே விளைவிக்கும்.

சென்னை ரிச்சி தெருக் கடையொன்றில், சர்க்யூட் போர்டை மாற்றினால் சில ஆயிரங்களில் முடிந்துவிடும் என்றார்கள். நான் உடன்படவில்லை. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டிலுள்ள ரோம் (ROM) எனும் நிலை நினைவகச் சில்லில் பதிந்திருப்பதால், அதையும் பெயர்த்துப் பொருத்தாமல் போர்டை மட்டும் மாற்றுவது பொதுவாகப் பயன் தராது. ஹெட் பழுதுக்கோ அது மருந்தே அல்ல.

இறுதியில் ஒப்படைத்த ஆய்வகத்தில், அதே மாடலைச் சேர்ந்த வேறொரு டிஸ்க்கை வாங்கி, தூசியற்ற காற்றோட்டமுள்ள மேசையில் அதன் ஹெட்டுகளைக் கழற்றி எங்களுடையதில் பொருத்தினார்கள். அந்த உதிரி டிஸ்க்கின் விலையை முன்பணமாகச் செலுத்த வேண்டும், கோப்புகள் கிடைக்காவிட்டாலும் அது திரும்ப வராது என்பதை முதலிலேயே எழுத்தில் தந்ததுதான் அவர்கள்மீது நம்பிக்கையை உண்டாக்கியது. மீண்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டிய பிறகே மீதித் தொகையைக் கேட்டார்கள். டிஸ்க்கைப் பார்க்காமலே தொலைபேசியில் விலை சொல்பவர்களிடம் கொடுக்க எனக்கு இன்றும் மனம் வராது.

அப்பாவின் குறிப்பேடுகள் முழுமையாக வந்தன. சில படங்களின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவே நின்றுவிட்டது. சில காணொளிகள் திறக்கவே இல்லை. இருந்தும் கொடுத்த பணம் நியாயமானது என்றே கருதுகிறேன்.

அதன்பின் எல்லாவற்றையும் மூன்று பிரதிகளாக வைத்திருக்கிறேன். ஒன்று மதுரையில் அக்கா வீட்டில் இருக்கிறது. டிஸ்க் தன் நிலையைத் தானே கண்காணித்துத் தரும் ஸ்மார்ட் (SMART) அறிக்கையில் 5 (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை), 197 (சரியாகப் படிக்க முடியாமல் ஐயத்துக்குரியதாக இருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை) ஆகிய எண்களுக்குரிய மதிப்புகளையும் அவ்வப்போது பார்த்து வருகிறேன். கடந்த ஆண்டு ஒரு டிஸ்க்கில் 197க்குரிய மதிப்பு ஏறத் தொடங்கியதும், அதிலிருந்தவற்றைப் புதியதற்கு மாற்றிவிட்டேன்.