நாபாவா, சொனோமாவா, லிவர்மோரா: எந்த ஒயின் கிளப்புல காசைக் கட்டலாம்?

நம்மூர்ல ஒயின் ஷாப்னு போர்டு மாட்டின கடையில ஒயின் தவிர மத்த எல்லாம் கிடைக்கும், அதைப் பாத்து வளந்தவன் நான், அதனால கலிஃபோர்னியா வந்து முதல் தடவை ஒரு வைனரிக்கு, அதாவது ஒயின் தயாரிக்கிற இடத்துக்குப் போனப்ப அங்க ஊத்திக் கொடுத்தவங்க கிளாஸை சுத்தி மூக்கை உள்ள விட்டு என்ன வாசனை வருதுன்னு சொல்லுங்கன்னாங்க, நான் ரொம்ப யோசிச்சு "திராட்சை"ன்னேன். தங்கமணி இன்னும் அதை விடல. அதுக்கப்புறம் எட்டு வருஷத்துல மூணு கிளப்புல சேந்து ரெண்டுல இருந்து வெளிய வந்தாச்சு, ஊர்ல இருந்து வர்றவங்களைக் கூட்டிட்டுப் போயி போயி ரோடெல்லாம் மனப்பாடம். எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், இங்க இருக்குற ஒயின் ஊருங்கள்ல நாபா போலாமா சொனோமா போலாமா, கிளப்புல சேந்தா லாபமா.

கிளப்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: வருஷத்துக்கு ரெண்டுல இருந்து நாலு தடவை வைனரி உங்க கார்டுல காசு எடுத்துட்டு மூணோ ஆறோ பாட்டில் அனுப்பும், விலையில 15, 20 சதவீதம் தள்ளுபடி, நேர்ல போனா டேஸ்டிங், அதாவது கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி ருசி பாக்கக் கொடுக்குறது, ஃப்ரீ. எந்த பாட்டில்ங்கறதை பல இடத்துல அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. தள்ளுபடி எவ்ளோன்னு எல்லாரும் கேக்குறாங்க, பாட்டிலை யாரு பொறுக்குறாங்கன்னு யாரும் கேக்குறதில்ல, என்னைக் கேட்டா அதைத்தான் முதல்ல கேக்கணும்.

முதல்ல நாபா. நாங்க இருக்குற ஃப்ரீமான்ட்ல இருந்து ட்ராஃபிக் இல்லாட்டி ஒன்றரை மணி நேரம். நாபா டவுன்ல ஆரம்பிச்சு காலிஸ்டோகா வரைக்கும் சுமார் 30 மைல், குறுகலான பள்ளத்தாக்கு, ரெண்டு ரோடு பக்கத்துப் பக்கத்துல ஓடும், ஹைவே 29ல சனிக்கிழமை போனா நம்ம தி. நகர் தீபாவளி மாதிரி நகரும், அதனால சில்வராடோ ட்ரெயில்ல போங்க, அதுதான் அழகும் கூட. இங்க ராஜா கேபர்னே சாவிஞான்ங்கற சிவப்பு ஒயின் திராட்சை. நாபாவுக்கு இவ்ளோ பேரு வந்ததுக்குக் காரணம் 1976ல பாரிஸ்ல நடந்த போட்டி, பேரை மறைச்சு ஃப்ரெஞ்சு ஜட்ஜுங்க ருசி பாத்ததுல சிவப்புல ஸ்டேக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸோட 1973 கேபர்னே, வெள்ளையில ஷாத்தோ மாண்டலீனாவோட 1973 ஷார்டனே, ரெண்டுமே நாபா, ஃப்ரான்ஸ் பெரிய தலைங்களை முந்திடுச்சு. இதுல ஒரு வேடிக்கை, ஜெயிச்ச அந்த ஷார்டனேக்குப் போன திராட்சையில பெரும்பகுதி பக்கத்து சொனோமாவுல விளைஞ்சது, ஆனா பேரு நாபாவுக்கு. சொனோமாக்காரங்ககிட்ட இதைச் சொன்னீங்கன்னா இன்னொரு அவுன்ஸ் சேத்து ஊத்துவாங்க.

நாபால நினைச்ச நேரத்துக்குப் போயி நிக்க முடியாது. 1990ல நாபா கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) போட்ட சட்டப்படி அதுக்கப்புறம் வந்த வைனரிங்க எல்லாம் முன்னாடியே நேரம் வாங்கினவங்களுக்குத்தான் டேஸ்டிங் கொடுக்கணும், பழசுங்கள்ல சிலதுதான் இதுல இருந்து தப்பிச்சது, அதுங்கள்லயும் பலது இப்ப முன்பதிவு கேக்குது. ஆளுக்கு 50 டாலருக்குக் கீழ கிடைக்கிறது அபூர்வம், நூறு கேக்குற இடமும் உண்டு. உக்கார வச்சு, சீஸ் தட்டு வச்சு, மரியாதையா பேசி, நாலாவது கிளாஸ் ஊத்தும்போது ஒரு அட்டையும் பேனாவும் மெதுவா பக்கத்துல வருது பாருங்க, அங்கதான் நான் விழுந்தேன். பாட்டில் 90 டாலர், மெம்பருக்கு 72, மூணு பாட்டில் 216, வருஷத்துக்கு நாலு தடவை, கூட்டினா 864, அதுக்கு மேல டாக்ஸும் ஷிப்பிங்கும். டேஸ்டிங் ஃப்ரீன்னு சேந்தோம், அந்த வருஷம் பூரா போனது ஒரே தடவை.

அந்தக் கிளப் பேரு வேணாம், நடந்ததை மட்டும் சொல்றேன். ஆகஸ்ட் மாசம் ஒரு பெட்டி அனுப்பினாங்க, 21 வயசுக்கு மேல ஒரு ஆள் கையெழுத்துப் போட்டு வாங்கணும், ரெண்டு நாளும் நாங்க ஆபீஸ்ல, மூணாவது நாள் வந்தப்ப ஒரு பாட்டில்ல கார்க் மேல தள்ளி கவருக்குள்ள முட்டிட்டு நிக்குது, கழுத்தைச் சுத்தி பிசுபிசுன்னு சிவப்பு. வண்டி வெயில்ல வெந்திருக்கு. தொறந்து குடிச்சுப் பாத்தா பழத்தை வேகவச்ச தண்ணி மாதிரி ஒரு வாசனை. மாத்திக் கொடுத்தாங்க, அதைக் குறை சொல்லக்கூடாது. ஆனா கேன்சல் பண்ணப் போனா, நீங்க நேர்ல பேப்பர்ல கையெழுத்து போட்டவங்க, அடுத்த ஷிப்மென்ட்டுக்கு 30 நாள் முன்னாடி ஈமெயில் அனுப்பணும்னாங்க, நான் அனுப்பினது 26 நாள் முன்னாடி. இன்னொரு 216. வெயில் காலத்துல அனுப்பாம நிறுத்தி வைக்கச் சொல்ற வசதி நிறைய கிளப்புல இருக்கு, சேரும்போதே கேட்டு வச்சுக்கோங்க.

சொனோமா கதை வேற. ஹீல்ட்ஸ்பர்க் பக்கம்னா எங்களுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும், தூரம்தான் குறை. ஆனா இடம் பெருசு, வகை நிறைய. ரஷ்யன் ரிவர் பக்கம் பசிஃபிக்ல இருந்து மூடுபனி உள்ள வர்றதால குளிர்ச்சி, பினோ நுவார்ங்கற சிவப்பு, ஷார்டனே ரெண்டும் நல்லா வரும், ட்ரை க்ரீக்ல ஜின்ஃபாண்டெல்ங்கற சிவப்புத் திராட்சை, அதுலயும் நூறு வருஷத்துக் கொடியெல்லாம் இன்னும் காய்க்குது, பந்தல் கிந்தல் இல்லாம முறுக்கிக்கிட்டு தனித்தனியா நிக்கும், பாத்தா சின்ன முருங்கை மரத்தை வெட்டி விட்ட மாதிரி. இந்த ஜின்ஃபாண்டெலை அமெரிக்காவோட சொந்தச் சரக்குன்னு ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க, 2001ல டிஎன்ஏ பாத்து அது குரோஷியாவுல இருந்து வந்த வகைதான்னு உறுதியாயிடுச்சு. டேஸ்டிங் நாபாவை விட சல்லிசு, சின்ன வைனரியில ஊத்துறவரே தோட்டக்காரராவும் இருப்பாரு, நாய் காலடியில படுத்திருக்கும், கிளப்பும் பாட்டிலுக்கு 35, 45 டாலர் வாக்குல முடியும். ரெண்டு நாள் தங்குற மாதிரி வர்றவங்களுக்கு நான் கண்ணை மூடிட்டு சொனோமாதான் சொல்லுவேன். நாபா போகணும்னு ஊர்ல இருந்தே முடிவு பண்ணிட்டு வர்றவங்களை ஒண்ணும் பண்ண முடியாது, ஒரு நாள் அங்க போட்டோ எடுத்துட்டு வரட்டும்.

இப்ப லிவர்மோர். பே ஏரியாத் தமிழ் ஆளுங்க லிவர்மோர்னாலே சிவா விஷ்ணு கோயில்ம்பாங்க, அங்கிருந்து கால் மணி நேரம் கார்ல போனா டெஸ்லா ரோடு, ரெண்டு பக்கமும் திராட்சை. (பிரசாதம் வாங்கின கையோட டேஸ்டிங்கான்னு தங்கமணி முறைப்பா, அதனால நாங்க தனித்தனி நாள்ல போறோம்.) வென்டே, கன்கானன் ரெண்டுமே 1883ல ஆரம்பிச்சது. லேபிள்ல ஷார்டனேன்னு பேரு போட்டு அமெரிக்காவுல முதல்ல வித்தது வென்டே, 1936ல. கலிஃபோர்னியாவுல நட்டிருக்குற ஷார்டனே கொடியில பெரும்பாலானதுக்கு வம்சம் தேடிப் போனா வென்டே தோட்டத்துல போயி நிக்கும், அதாவது நாபால 80 டாலர் கொடுத்துக் குடிக்கிற ஷார்டனேயோட பாட்டி வீடு இங்கதான் இருக்கு. கன்கானன் ஆரம்பிச்சது சர்ச் பூஜைக்கு ஒயின் பண்ணித் தர, 1920ல இருந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு இருந்தப்ப மத்த வைனரிங்க வரிசையா மூடினாலும் இவங்க அந்தப் பூஜை ஒயினை வச்சே தாக்குப்பிடிச்சாங்க. பெட்டீட் சிராங்கற திராட்சைக்கு லேபிள்ல தனிப் பேரு கொடுத்ததும் இவங்கதான், 1961 அறுவடையில. மை மாதிரி கறுப்பு, பல்லு நீலமாயிடும், கொட்டைப்பாக்கு மென்ன மாதிரி துவர்ப்பு. எனக்குப் பிடிச்சது இதுதான், ஆனா பகட்டு காட்டணும்னா இது சரிப்படாது.

நான் கடைசியா நிலைச்சது இங்க ஒரு சின்ன வைனரி கிளப்புல. பெட்டியை வீட்டுக்கு அனுப்பச் சொல்றதில்ல, நாமளே போயி எடுத்துக்கலாம், வேணாங்கற பாட்டிலைக் கொடுத்துட்டு வேற மாத்திக்கலாம், அது போதும். வீட்ல இருந்து அரை மணி நேரம்ங்கறதால வருஷத்துக்கு அஞ்சாறு தடவை போறோம், அந்த டேஸ்டிங் ஃப்ரீங்கறதுக்கு இப்பதான் அர்த்தம் வந்திருக்கு. நாபா கேபர்னேயோட ஆழம் இங்க வராதுங்கறதையும் ஒத்துக்கணும், அந்த நீளமான பின்ருசிக்கு வருஷத்துக்கு ஒரு பாட்டில் கடையில வாங்கிக்கிறேன்.

எந்த வைனரியையும் சேராம, பல ஊர்ல இருந்து பொறுக்கி அனுப்புற ஆன்லைன் கிளப் ஒண்ணுலயும் ஆறு மாசம் இருந்தேன். முதல் பெட்டி பாதி விலைன்னு இழுப்பாங்க. நல்லதா சொல்லணும்னா, அர்ஜென்டினா மால்பெக், போர்ச்சுகல் சிவப்பு, ஆஸ்திரியா வெள்ளைன்னு நான் போயி வாங்கியே இருக்காத பத்துப் பதினஞ்சு வகை ருசி பாத்தாச்சு, கத்துக்க நல்ல வழி. கெட்டதுன்னா, கேள்வியே படாத பேருல அழகான லேபிள், திருப்பிப் பாருங்க. அமெரிக்க ஒயின்ல எஸ்டேட் பாட்டில்ட்னு இருந்தா அவங்க பாத்துக்குற தோட்டத்துத் திராட்சை, அவங்களே பண்ணது. ப்ரொட்யூஸ்ட் அண்ட் பாட்டில்ட் பைன்னா குறைஞ்சது முக்கால்வாசி அவங்க நொதிக்க வச்சது. செல்லர்ட் அண்ட் பாட்டில்ட் பைன்னு இருந்தா வேற எங்கயோ பண்ணதை மொத்தமா வாங்கி அடைச்சதா இருக்கலாம். அதுக்காக மோசம்னு இல்ல, ஆனா அதுக்கு 18 டாலர் கொடுக்கணுமா, காஸ்ட்கோ மாதிரி பெரிய கடையில 10க்கு வாங்கலாமான்னு யோசிக்கணும்.

சாப்பாட்டு விஷயம் ஒண்ணு, இதை எந்தக் கிளப்பும் நமக்காக யோசிக்காது. தடியான கேபர்னேயும் காரக்குழம்பும் சேந்தா வாயில தீ, துவர்ப்பும் ஆல்கஹாலும் மிளகாயைத் தூக்கிவிடும். லேசா இனிப்பு வச்ச ரீஸ்லிங்ங்கற வெள்ளை, ரோஸேங்கற இளஞ்சிவப்பு, இல்லாட்டி பழவாசனையா இருக்குற ஜின்ஃபாண்டெல், இதுங்கதான் நம்ம சுக்காவுக்கும் மீன் வறுவலுக்கும் ஒத்துப்போகும். நாபா கிளப்புல இருந்தப்ப வந்த பன்னெண்டு பாட்டில்ல பத்து கேபர்னே, வீட்ல செய்யிற சாப்பாட்டோட ஒண்ணும் ஒட்டல. சைவம் கறாரா பாக்குறவங்க நேர்ல போனா கேளுங்க, தெளிய வைக்க முட்டை வெள்ளையோ பால் புரதமோ மீன்ல இருந்து எடுக்குறதோ போடுற பழக்கம் சில இடத்துல உண்டு, லேபிள்ல பெரும்பாலும் இருக்காது, ஆனா கேட்டா சொல்லிடுவாங்க.

போற நாளுக்குக் கணக்கு: ஒரு ஊத்து 30 மில்லின்னு வச்சாலும் அஞ்சு ஊத்து ஒரு முழு கிளாஸ், மூணு வைனரின்னா மூணு கிளாஸ். ஓட்டுறவங்க ருசி பாத்துட்டுத் துப்புற வாளியைக் கூச்சப்படாம கேட்டு வாங்குங்க, இல்ல யாராவது ஒருத்தர் தண்ணியோட நிக்கணும். பாதி குடிச்சு மூடின பாட்டிலை டிக்கியில வைங்க, சீட்டு பக்கத்துல இருந்து போலீஸ் பாத்தா வம்பு. வெயில் நாள்ல மிச்ச பாட்டிலுக்கு ஒரு ஐஸ் பெட்டி.

சென்னைக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா ஒரு ஆளுக்கு 2 லிட்டர்தான் டூட்டி இல்லாம, 750 மில்லி பாட்டில் ரெண்டுதான் உள்ள வரும், மூணாவது வச்சா 2.25. போன டிசம்பர் ஒரு கேபர்னே, ஒரு பெட்டீட் சிரா, பழைய ஜீன்ஸுக்குள்ள சுருட்டி செக்-இன் பெட்டியில போட்டேன். ஜின்ஃபாண்டெலுக்கு இடமில்ல, அதை வீட்லயே முடிச்சுட்டுத்தான் ஏர்போர்ட் கிளம்பினோம், தங்கமணி ஓட்டினா.