எஸ்எஸ்டி எங்கே, ஹார்ட் டிஸ்க் எங்கே? பழைய லேப்டாப்பில் இரண்டாவது டிரைவ்

என் தங்கையின் லேப்டாப் 2012ல் வாங்கியது. அதன் டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேடியில் (caddy, டிவிடி டிரைவ் வடிவில் இருக்கும், டிஸ்க் வைக்கும் சட்டம்) ஒரு எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) பொருத்தினோம். விண்டோஸையும் அதிலேயே இன்ஸ்டால் செய்தோம். ஒரு வாரம் நன்றாக ஓடியது. போட்டோக்களை காப்பி எடுக்கப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிய அன்று, கறுப்புத் திரையில் பூட் செய்ய (விண்டோஸை எழுப்ப) டிஸ்க் இல்லை என்று வந்து நின்றது. விண்டோஸ் இருந்த எஸ்எஸ்டி உள்ளேதான் இருந்தது!

காரணம் இதுதான். இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது, விண்டோஸ் தன் பூட் ஃபைல்களைப் பெரும்பாலும் முதல் டிஸ்க்கில் ஏற்கெனவே உள்ள பூட் பார்ட்டிஷனிலேயே (டிஸ்க்கில் அதற்கென்று பிரித்து வைத்த பகுதி) எழுதிவிடும். விண்டோஸ் ஓரிடத்தில், அதை எழுப்பிவிடும் ஃபைல்கள் வேறிடத்தில்.

ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் எஸ்எஸ்டியைக் கேடியில் போடுவது சுலபம். பல மாடல்களில் டிவிடி டிரைவை அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூதான் பிடித்திருக்கும். கேடி மட்டும் சரியான தடிமனில் வேண்டும்: 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என இரண்டு அளவு உண்டு, கடைக்குப் போகுமுன் பழைய டிரைவை அளந்துகொள்ளுங்கள். பல பழைய லேப்டாப்களில் டிவிடி பக்க சாட்டா (டிரைவை லேப்டாப்போடு இணைக்கும் கனெக்டர்) நொடிக்கு 3 ஜிகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். ஆனால் என் கவலை வேகம் அல்ல. அந்த வேகத்திலும் எஸ்எஸ்டி பழைய ஹார்ட் டிஸ்க்கை விட எவ்வளவோ மேல். சில பயாஸ்கள் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடி, டிஸ்க்கைத் தேடும் புரோகிராம்) அந்த இடத்திலிருந்து பூட் செய்யவே மறுக்கும், பூட் பட்டியலில்கூடக் காட்டாது. அதற்கு செட்டிங்கில் மருந்து கிடையாது.

எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் போட்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கேடிக்கு மாற்றுவதில் வேலை அதிகம். அடி மூடியைத் திறக்க வேண்டும், டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தகட்டையும் மாற்ற வேண்டும். ஒரு குறையும் உண்டு. பல லேப்டாப்களில் அதிர்ச்சி தாங்கும் ரப்பர் பழைய இடத்தில்தான் இருக்கும், கேடியில் இருக்காது. பஸ்ஸில் மடியில் வைத்து வேலை பார்ப்பவர்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. பூட் ஆக வேண்டிய டிஸ்க், பயாஸ் முதலில் தேடும் இடத்தில் இருக்கட்டும்.

சரி, மாட்டியாகிவிட்டது, பூட் ஆகவில்லை. முதலில் கேடியை வெளியே இழுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். லோகோவிலேயே உறைந்து நின்ற லேப்டாப் இப்போது எழுந்தால், தகராறு கேடியில். சில கேடிகளின் ஓரத்தில் நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், அதை மாற்றிப் பாருங்கள். எழவில்லை என்றால் பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். அங்கேயே பூட் முறை பழைய லெகசியா, புதிய யூஇஎஃப்ஐயா என்றும் பாருங்கள். டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் முறை இரண்டு: எம்பிஆர், ஜிபிடி. எம்பிஆர் டிஸ்க்கில் உள்ள விண்டோஸுக்கு லெகசி, ஜிபிடி டிஸ்க்கில் உள்ளதற்கு யூஇஎஃப்ஐ. ஒன்றில் போட்டுவிட்டு மற்றொன்றில் தேடினால் கிடைக்காது.

க்ளோனா, புது இன்ஸ்டாலா? க்ளோன் செய்தால் (பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகல் எடுத்தால்) புரோகிராம்கள் எல்லாம் அப்படியே வரும். ஆனால் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் வந்துவிடும். சேர்த்து மாட்டினால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் போட்டுவிடும் (பயன்படுத்த முடியாதபடி நிறுத்திவைக்கும்). அதனால் க்ளோன் முடிந்ததும் முதல் பூட் புது டிஸ்க் மட்டும் மாட்டித்தான். புது இன்ஸ்டாலுக்கும் இதே விதி. நேரம் இருந்தால் புது இன்ஸ்டாலே எனக்குப் பிடிக்கும், பத்து வருடக் குப்பையைச் சுமக்க வேண்டியதில்லை.

தங்கையின் லேப்டாப்புக்கு மறுபடி இன்ஸ்டால் தேவைப்படவில்லை. எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்துக்கு மாற்றி, ஹார்ட் டிஸ்க்கை வெளியே வைத்துவிட்டு, இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்தோம். கமாண்ட் விண்டோவில் டிஸ்க்பார்ட் (diskpart) மூலம் விண்டோஸ் பார்ட்டிஷனை ஆக்டிவ் ஆக்கி (பூட் ஆக வேண்டியது இதுதான் என்று குறித்து), பூட் ஃபைல்களை எழுதும் பிசிடிபூட் (bcdboot) கமாண்டை ஓட்டினோம். (பென்டிரைவிலிருந்து பார்க்கும்போது டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம், விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.) எஸ்எஸ்டி தானாக பூட் ஆனது. அதை இரண்டு முறை உறுதி செய்த பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கைக் கேடியில் போட்டு உள்ளே தள்ளினோம்.