பி.ஏ. தத்துவம்: பதினைந்து வருஷம் கழித்து நான் போட்ட கணக்கு

கல்லூரி விண்ணப்பம் கொடுக்கும் சமயம் வந்துவிட்டால், எங்கள் தெருவில் யாராவது ஒருவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் நிற்பார்கள். "தத்துவம் எடுத்தா பொழைக்க முடியுமாக்கா?" வாசலில் நின்றபடி சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதியே வைக்கிறேன். 2007-இல் சேர்ந்து 2010-இல் முடித்தேன். அந்தப் பட்டத்தைப் பதினைந்து வருஷம் கையில் வைத்துப் புழங்கியவள் என்ற முறையில் பேசுகிறேன்.

ஊர் செக்கானூரணி. அப்பாவுக்கு மதுரை கீழமாசி வீதியில் பலசரக்கு மண்டி ஒன்றில் மூட்டை தூக்கும் வேலை. நான் கேட்டது பி.காம். மார்க் பத்தவில்லை, கடைசிப் பட்டியலில் தத்துவத்தில்தான் இடம் இருந்தது. அரசு உதவி பெறும் கல்லூரி. கட்டணம், பரீட்சைப் பணம், பஸ் செலவு, புத்தகம் எல்லாம் சேர்த்து மூன்று வருஷத்துக்கு 21,340 ரூபாய் என்று அப்பா தன் சிட்டை நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

"இதப் படிச்சா என்ன வேல தாயி?" என்று சேர்ந்த அன்றே கேட்டார். அதையே நான் துறைத்தலைவரிடம் கேட்டேன். ஐ.ஏ.எஸ். எழுதலாம், பேராசிரியர் ஆகலாம் என்றார். இரண்டும் உண்மைதான். ஆனால் அதுவரை வீட்டில் அரிசி வாங்குவது யார் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த கையோடு 'தத்துவம் படித்தவர் தேவை' என்று எந்தக் கதவும் திறக்காது. என்னோடு பஸ்ஸில் வந்த பி.காம் தோழி, கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டு அதே ஜூனில் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தாள். நான் ஜவுளிக்கடை பில் கவுண்டரில் 4,500 ரூபாய்க்கு நின்றேன். அந்த வேலைக்குப் பன்னிரண்டாவதே போதும்.

வேலை பார்த்துக்கொண்டே எம்.ஏ. முடித்தேன். கல்லூரியில் பாடம் நடத்தத் தகுதி தரும் நெட் தேர்வும் எழுதினேன். தத்துவத்துக்கு அதில் தனிப் பாடமே உண்டு. இப்போது இரண்டு தாளுக்கும் சேர்த்து 300 மதிப்பெண். அதில் மேலே வருகிறவர்களுக்குத் தரும் ஜே.ஆர்.எஃப். என்ற உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சி செய்ய இன்றைக்கு மாதம் 37,000 ரூபாய் வரும். இந்தப் படிப்பின் பெயரால் நேராகக் கைக்கு வருகிற பெரிய தொகை எனக்குத் தெரிந்து அதுதான். எனக்கு விரிவுரையாளர் தகுதி மட்டும் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு சுயநிதிக் கல்லூரி ஒன்றுக்குப் போனேன். 8,000 ரூபாய் சம்பளம், மே மாதம் சம்பளம் இல்லை என்றார்கள். அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே ஊர் திரும்பினேன்.

துறைத்தலைவர் சொன்ன ஐ.ஏ.எஸ்., அதாவது யு.பி.எஸ்.சி. தேர்வு பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். முதன்மைத் தேர்வில் கணக்கில் சேரும் 1750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு 500. தத்துவத்தைப் பலர் எடுப்பது பாடத்திட்டம் சிறியது என்பதால். போதாததற்கு, அறவியலுக்கென்றே 250 மதிப்பெண்ணில் ஒரு பொதுத்தாள் இருக்கிறது. ஆனால் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுக்க அதில் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்று விதி இல்லை. இன்ஜினியரிங் முடித்தவரும் எடுக்கலாம். அதை மட்டும் நம்பி மூன்று வருஷத்தை இதில் போடாதீர்கள்.

இனி நான் இந்தப் படிப்புக்குக் கடன்பட்ட இடம். இரண்டாம் வருஷம் தர்க்கம். எங்கள் ஐயா அதை மணிமேகலையை வைத்து நடத்தினார். மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுப்படியில் பார்த்ததுபோல. பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்), உபநயம் (உதாரணத்தை இங்கே பொருத்துவது), நிகமனம் (முடிவு) என்று ஐந்து உறுப்பாக ஒரு வாதத்தைப் பிரித்துப் போடுவார். ஏது சரியில்லை என்றால் எந்த வகையில் சரியில்லை என்று பெயர் சொல்ல வேண்டும். காரணமே நிரூபணம் ஆகவில்லை என்றால் அசித்தம். மணிமேகலையை எழுதிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர், தானிய வியாபாரி என்று அப்பாவிடம் சொன்னேன். "நம்ம மண்டிக்காரரா!" என்று அவர் முகம் மலர்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

2013-இல் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் சேர்ந்தேன். அங்கிருந்து இன்சூரன்ஸ் டெஸ்க். நோயாளி கையிலிருந்து கட்டாமல் இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகப் பணம் தரும் கேஷ்லெஸ்ஸைக் கேட்டு எழுதுவது, அவர்கள் அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் தருவது, மறுத்தால் திரும்ப எழுதுவது. போன வருஷம் சோழவந்தான் ஆட்டோக்காரர் ஒருவருக்கு மாரடைப்பு. பாலிசி எடுத்து 26 மாதம். 'நான்கு வருஷமாகச் சர்க்கரை' என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி இருந்தது. பாலிசிக்கு முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டார் என்று கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். 60 மாதம் விடாமல் கட்டிய பாலிசி என்றால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய இப்படித் தள்ள முடியாது. இவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

அந்தக் கடிதத்தை ஐயா சொல்லித்தந்தபடி பிரித்துப் போட்டேன். மறைத்தார் என்பது பக்கம். நாலு வருஷச் சர்க்கரை என்பது ஏது. அந்த ஏதுவை யார் சொன்னது? அட்மிஷன் ராத்திரி பதறிப்போய் நின்ற அவர் சம்சாரம் வாய்வார்த்தையாகச் சொன்னதை டூட்டி டாக்டர் எழுதியிருக்கிறார். "நாலு வருஷமா இருக்கும்போல தாயி, எனக்கென்ன கணக்கா தெரியும்" என்றார் அந்தம்மா. பாலிசி கொடுக்குமுன் கம்பெனியே எடுத்த ரத்தப் பரிசோதனையைத் தேடி எடுத்தோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 92. டாக்டரிடம் விளக்கக் கடிதம் வாங்கி, அந்த ரிப்போர்ட்டையும் வைத்து ஒரு பக்கத்தில் எழுதினேன். பதினோராம் நாள் 1,86,000 ரூபாய் பாஸானது. புகை நிஜப்புகையாக இருந்த கேஸ்களும் உண்டு. அப்போது அந்தக் குடும்பத்திடம் உள்ளதைச் சொல்லிவிடுவேன், வீணாக வட்டிக்கு வாங்கி அலைய வேண்டாம் என்று.

இன்றைக்கு என் சம்பளம் 31,000. அந்த ஆடிட்டர் ஆபீஸ் தோழி என்னைவிடக் கூடுதலாகத்தான் வாங்குகிறாள். என் முதல் ஐந்து வருஷம் வறண்ட வருஷம். அப்பா முதுகு தாங்கியது, நான் தாங்கினேன். 21,340 ரூபாய்க்கு இது எனக்குப் பெரிய கொள்முதல். இதே படிப்புக்கு வருஷத்துக்கு ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கேட்கிற இடம் என்றால், கடன் வாங்கிச் சேர்க்க வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

அக்கா மகள் இந்த வருஷம் இதில்தான் சேரப் போகிறேன் என்கிறாள். அரசுக் கல்லூரி அல்லது உதவி பெறும் கல்லூரி மட்டும் பார், சாயங்காலம் டாலியும் டைப்பிங்கும் கற்றுக்கொள் என்றேன். பணம் கட்டுமுன் அங்கே தர்க்கம் யார் நடத்துகிறார் என்று விசாரித்து, கேட்டுக்கொண்டு ஒரு வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரவும் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை போகிறாள்.