‘சீசர் சாவேஸ்’ திரைப்படம்: முதலில் வேலையை நிறுத்தியவர்கள் எங்கே?

தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் வாழ்க்கையைப் படமாக்குபவர் உரையாடல்களைக் கற்பனையாக எழுதலாம், பல மாத நிகழ்வுகளை ஒரே காட்சிக்குள் சுருக்கலாம். இவற்றுக்காக எவரும் அவரைக் குறைகூறமாட்டார்கள். ஆனால் போராட்டத்தை யார் தொடக்கினார்கள், அதன் சுமையை யார் சுமந்தார்கள் என்பதில் அவருக்குச் சலுகை கொடுக்க முடியாது. அமெரிக்காவின் மெக்சிக்க வம்சாவளி விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸைப் பற்றி, டியேகோ லூனாவின் இயக்கத்தில் 2014 இல் வெளிவந்த ‘சீசர் சாவேஸ்’ அந்த இடத்தில்தான் தவறியிருக்கிறது.

கலிபோர்னியாத் திராட்சைத் தோட்டத் தொழிலாளரின் கதை வன்னியில் இருப்பவர்களுக்கு அந்நியமானதல்ல. கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற ஊர்களில் வாழ்பவர்களுள் பலர், வன்செயல்களால் மலையகத் தோட்டங்களை விட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர். எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் இளைஞர்கள் இப்படத்தைத் திரையிட்டபோது, கங்காணியையும் துரையையும் கண்டு வளர்ந்த மூத்தவர்கள் மொழி புரியாமலே கதையைப் பின்தொடர்ந்தார்கள்.

படத்தில் சரியாக வந்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். வயலோரத்தில் நின்று ‘வேலைநிறுத்தம்’ என்று ஸ்பானிய மொழியில் குரலெழுப்பியதற்காகச் சாவேஸின் மனைவி ஹெலன் கைதாகும் காட்சி கற்பனையல்ல. 1965 ஒக்டோபரில் அவர் உட்பட 44 பேர் அவ்வாறே கைது செய்யப்பட்டார்கள். 1968 இல் சாவேஸ் இருந்த 25 நாள் உண்ணாவிரதமும், தம்முடைய ஆட்களே வன்முறையில் இறங்கிவிடக்கூடாது என்ற அவரது கவலையும் மிகைப்படுத்தப்படாமல் வந்துள்ளன. சாவேஸாக நடித்த மைக்கேல் பெனியா அவரை மேடை முழங்கும் வீரராக்காமல், மெல்லப் பேசும் பிடிவாதக்காரராகக் காட்டியிருப்பது மிகவும் பொருத்தம்.

ஆனால் கலிபோர்னியாவின் டெலானோவில் நடந்த திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தைத் தொடக்கியவர் சாவேஸ் அல்லர். லாரி இட்லியோங்கின் தலைமையில் பிலிப்பினோத் தொழிலாளர்களே, மணித்தியாலத்துக்கு 1.40 டொலர் சம்பளம் கேட்டு, 1965 செப்டெம்பர் 8 ஆம் திகதி வேலையை நிறுத்தினார்கள். பிலிப்பினோக்கள் மறியல் செய்தால் மெக்சிக்கர்களையும், மெக்சிக்கர்கள் மறியல் செய்தால் பிலிப்பினோக்களையும் கருங்காலிகளாக இறக்குவது முதலாளிகளின் நெடுநாள் வழக்கமாக இருந்ததால், அதை முறியடிக்க இட்லியோங் சாவேஸின் உதவியை நாடினார். தமது சங்கம் இன்னும் தயாராகவில்லை என்று சாவேஸ் தயங்கினார். செப்டெம்பர் 16 இல் சங்கத்தினர் வாக்களித்த பின்னரே மெக்சிக்கத் தொழிலாளர்கள் இணைந்தார்கள். அந்தத் தயக்கத்தையும் இட்லியோங்கின் துணிவையும் எதிரெதிரே நிறுத்தியிருந்தால், படத்தின் மிக வலிமையான பகுதி அதுவாகவே இருந்திருக்கும். படத்திலோ இட்லியோங் சிறிது நேரம் வந்து மறைகிறார்.

அந்தப் பிலிப்பினோக்களில் பலர் முதியவர்கள். வெள்ளையர்களை மணக்கத் தடைவிதித்த கலிபோர்னியாச் சட்டத்தினாலும் குடிவரவுக் கட்டுப்பாடுகளினாலும் திருமணமின்றியே வாழ்நாளைக் கழித்தவர்கள். முதலாளிகளின் முகாம்களில் தங்கியிருந்த அவர்களுக்கு, வேலைநிறுத்தம் தொடங்கியதும் தண்ணீரும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. வேலையோடு இருப்பிடமும் போகும் என்று தெரிந்தே மறியலில் இறங்குவது எத்தகைய முடிவு என்பது, தோட்டத்துக்குச் சொந்தமான லயன் காம்பராவில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. படம் முடிந்ததும் என் அருகில் இருந்த மூதாட்டி கேட்டது இதைத்தான்: “மொதல்ல வேலைய நிப்பாட்டுனது அவங்கதானே தம்பி, பொறகு அவங்கள காணவே இல்லையே?”

இலண்டன் காட்சிகளிலும் இதே குறை உண்டு. கலிபோர்னியாத் திராட்சைக்கு எதிரான புறக்கணிப்பை அங்கு ஒருங்கிணைத்தவர் எலைன் எலின்சன் என்னும் இளம் தொண்டர். படம் அந்த உழைப்பைச் சாவேஸின் கணக்கில் வரவு வைக்கிறது. பல பேர் செய்ததை ஒருவரின் செயலாக்குவது கதை சொல்ல வசதியானது. ஆனால் ஒரு தொழிற்சங்கம் எப்படி இயங்குகிறது என்பதையே அது பிழையாகக் கற்பித்துவிடுகிறது.

கதை, தோட்ட முதலாளிகள் சங்கத்துடன் செய்துகொண்ட 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தங்களோடு நின்றுவிடுவதும் கவனிக்கத்தக்கது. அடுத்த ஆண்டே இட்லியோங் சங்கத்தை விட்டு விலகினார். 1977 இல் சர்வாதிகாரி மார்க்கோஸின் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்சுக்குச் சாவேஸ் சென்றபோது, அதை எதிர்த்துச் சங்கத்தின் மற்றொரு மூத்த பிலிப்பினோத் தலைவரான பிலிப் வேரா குரூஸும் வெளியேறினார். எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் அடக்க முடியாது என்பது உண்மைதான். எனினும் வெற்றியில் நிறுத்திக்கொண்டதால், தலைவரின் பிழைகள் ஒன்றும் பார்வையாளருக்குத் தெரியாமற் போகின்றன.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான தொழிலாளி கோவிந்தனின் பெயரை இன்றும் சொல்லிவரும் சமூகம் இது. மலையகத் தலைவர் ஒருவரைப் பற்றி நாளை எவராவது படமெடுத்து, அந்தக் கோவிந்தனை ஒரு நொடி காட்டிவிட்டுக் கடந்துபோனால் நாம் பொறுத்துக்கொள்ளமாட்டோம். அதே அளவுகோலைத்தான் இப்படத்துக்கும் வைக்கிறேன்.

இருந்தும் பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். விவசாயத் தொழிலாளரை நாயகர்களாக வைத்து வரும் படங்கள் குறைவு. நடிப்பும் ஒளிப்பதிவும் தரமானவை. வேறு ஊர்களில் திரையிட நினைக்கும் இளைஞர்கள், படம் தொடங்குமுன் செப்டெம்பர் 8 இல் நடந்ததையும் இட்லியோங், வேரா குரூஸ் ஆகியோரின் பெயர்களையும் தமிழில் எடுத்துச் சொல்லிவிட்டுத் திரையிடுங்கள். பத்து நிமிடம் போதும்.