விழுங்க முடியவில்லை: பேரியமா, கமராவா?

மட்டக்களப்புப் பக்கம் "சோறு இறங்குதில்ல கா" என்று வைத்தியரிடம் போனால், அநேகமாக இரண்டில் ஒன்றைச் சொல்வார்: பேரியம் குடித்து எக்ஸ்ரே, அல்லது வாய்வழியே கமராக் குழாய்.

பேரியம் லேசு. சுண்ணாம்புக் கரைசல் போன்ற வெள்ளைத் திரவத்தைக் குடிக்க, அது இறங்கும் விதம் படத்தில் தெரியும். உணவுக்குழாயின் அசைவுக் கோளாறைக் காட்டுவதில் கெட்டி. மறுநாள் மலம் வெள்ளையாகப் போகும். பயப்படாமல் நிறையத் தண்ணீர் குடித்தால் சரி.

கமராவுக்கு சுமார் 6 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தொண்டை விறைக்க மருந்தடிப்பார்கள், குமட்டும். ஆனால் புண்ணை நேரில் பார்க்கலாம், சோதனைக்குச் சதைத்துண்டு எடுக்கலாம், சில வேளை சுருங்கிய இடத்தை அப்போதே விரிக்கலாம். இவை எதுவும் பேரியத்தில் முடியாது. முதலில் சோறு சிக்கியது, இப்போது கஞ்சியும் சிக்குகிறது, உடம்பும் மெலிகிறது என்றால் என் பார்வையில் கமராதான் முதலில். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் தள்ளிப்போடவே கூடாது. பேரியத்தில் சுருக்கம் தெரிந்தாலும் பெரும்பாலும் கமராவுக்குத்தான் அனுப்புவார்கள்.

பாரிசவாதத்துக்குப் பிறகு தேத்தண்ணி குடித்தாலே புரையேறுகிறதா? அது வேறு கதை. கோளாறு தொண்டையில். பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எடுக்கும் அசையும் எக்ஸ்ரேதான் அங்கே உதவும். அப்புறம் பேச்சு சிகிச்சையாளரின் பயிற்சி.